பெயர் வெட்டாத கல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அரசியல் சமாசாரம் இவளுக்கு எதற்கு என்று ஊரில் கேட்பார்களோ என்ற பயம் வேறு. போன பௌர்ணமியன்று அந்தக் கல்லைப் பார்த்த பிறகு, அண்ணாமலையார் மேல் பாரத்தைப் போட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அடி அண்ணாமலையைத் தாண்டி எங்கள் நிலத்துப் பக்கம் பிரியும் சாலையில், சோலார் மின் நிலையத்து வாசலில் நிற்கிறது அந்தக் கருங்கல். பளபளவென்று இழைத்த கல்வெட்டுக் கல். ஆனால் ஓர் எழுத்துகூட அதில் கிடையாது.

நிலையத்தைக் கட்டியது ஒரு தனியார் கம்பெனி. மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்திட்டது அரசாங்கம். எங்கள் நிலத்தையும் குத்தகைக்குக் கொடுத்திருந்தோம். பாதியில் வேலை நின்றால் குத்தகையும் இல்லை, பயிரும் இல்லை. கம்பெனி மேனேஜர் சாருக்கும் அவருடைய ஆட்களுக்கும் நான்தான் சமைத்துப் போட்டேன். ஒரு நாள் ரசத்தைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "போட்ட பணம் திரும்பி வர இருபத்தஞ்சு வருஷம் ஆகும்க்கா. ஆட்சி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாறுது. இவங்க போட்ட கையெழுத்த அடுத்து வர்றவங்களும் மதிக்கணும். வெயில் கம்மியாயிடுமோனு எனக்கு பயமில்ல, இதான் பயம்."

அதனால்தான் பூமி பூஜையன்று இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார வைத்தார். யார் இலைக்கு முதலில் வடை என்று ஆளுக்கு ஆள் முறைத்தார்கள். "அக்கா, நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்" என்று சாரே ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டார். "பாயசத்துக்கும் ஓட்டுப் போடணுமா சார்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதும் முறைத்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

தேர்தல் நெருங்கியபோது ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் வந்து, திறப்பு விழாவுக்காக இழைத்து வைத்திருந்த கல்லில் தலைவர் பெயரை வெட்டச் சொன்னார். "வெட்டுனா இது உங்க கட்சி கரண்ட்டாயிடும்ண்ணே. நாளைக்கு வர்றவங்க கல்லயும் உடைப்பாங்க, வேலையையும் நிறுத்துவாங்க" என்றார் சார். "அப்போ நீ அந்தக் கட்சியா?" என்று அவர் போட்ட சத்தம் சமையல் கொட்டகை வரை கேட்டது. கொஞ்ச நாளில் கம்பெனி சாரை வடக்கே எங்கோ மாற்றிவிட்டது. கிளம்பும்போது, "லைட்டு எரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றார். அதற்குள் தேர்தல் அறிவிப்பும் நடத்தை விதியும் வந்துவிட்டதால் பெயர் வெட்டவும் வழியில்லாமல் போயிற்று.

ஆட்சி மாறியது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். கூடவே ஜெயித்த கட்சிக்காரரும். அவர் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "இது பொதுவுல நடக்கற வேலைங்க. பூஜையில நானே சாப்ட்டிருக்கேன்" என்றார். வேலை நிற்கவில்லை. மின்சாரம் பாய்ந்த அன்று சாருக்கு போன் போட்டேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. இன்றைக்கும் ரசம் கொதிக்கும்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன பௌர்ணமியில் கிரிவலம் வந்த ஓர் அம்மா அந்தக் கல்லுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். "இது என்ன சாமிம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் இப்படியே சொல்லுங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எந்தப் பெயரையும் சேர்க்கவும் வேண்டாம். வடையும் கல்லும் மாறாமல் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தால், லைட்டு எரிகிறது என்று சார் தெரிந்துகொள்வார்.