ஈரம் பார்க்கும் கடைவாய்ப்பல்

1. ‘டிக்’

துணுக்காயில் ஒரு நெல் மில்லில் நெல்லுப் பார்த்து வாங்குகிற வேலை எனக்கு. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு மணியை எடுப்பேன். வலது கடைவாயில் வைத்துக் கடிப்பேன். ‘டிக்’ என்று உடைந்தால் காய்ந்த நெல். சத்தமில்லாமல் நசிந்தால் ஈரம். கொண்டுவந்தவர் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான். ஈரம் அளக்கிற மீட்டர் ஒன்று மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதை யார் பார்த்தார்கள்? சனம் நம்பியது என் பல்லை. எனக்கும் அந்தப் பல்லில் ஒரு தனித் திமிர் இருந்தது.

காலபோக அறுவடை தொடங்கிய கையோடு, பரமேஸ் அக்கா உழவு இயந்திரப் பெட்டி நிறைய நெல்லோடு வந்தார். ஒரு மணியைக் கடித்தேன். ‘டிக்!’ அருமையான நெல்! கடித்த கடியை விட்டேன் பாருங்கள், காதுக்குள்ளால் ஒரு மின்னல் ஏறி உச்சந்தலையால் வெளியே போனது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன்.

“என்ன தம்பி, ஈரமோ?” அக்காவின் முகம் கறுத்துவிட்டது.

“இல்லை அக்கா... இல்லை...”

“பின்னை ஏன் அழுறீர்? நல்ல வெயில்ல காயவிட்ட நெல்லு. ஈரம் உம்மட கண்ணிலதான் கிடக்கு!”

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயைத் திறக்காமல்.

அடுத்த மூட்டைக்கு இடது பக்கத்தைப் பாவிக்கலாம் என்றால் அங்கே கடைவாயில் ஒரு பல் எப்போதோ போய்விட்டது. வெறும் இடைவெளி. சீசன் இப்போதுதான் தொடங்குகிறது. ‘டிக்’ கேட்காவிட்டால் இந்த மில்லில் நான் யார்?

2. கதிரை

கிளிநொச்சியில் ஒரு பல் வைத்தியர். என் மகள் வயதுதான் இருக்கும். “வாங்கோ அங்கிள்” என்றார். அந்த ‘அங்கிளி’லேயே பாதி உயிர் போனது. மிச்சப் பாதியோடு கதிரையில் சாய்ந்தேன். ஒரு குச்சியைத் தந்து கடிக்கச் சொன்னார்.

“கடிக்கேக்க நோகுதோ, விடேக்க நோகுதோ?”

“ஐயோ, விடேக்க!”

“அப்ப பல்லு வெடிச்சிருக்கு. என்னத்தை அங்கிள் கடிக்கிறனீங்கள்?”

“நெல்லு.”

“சோறோ?”

“இல்லை டொக்டர், நெல்லு. உமியோட. மில்லில ஈரம் பாக்க.”

கையிலிருந்த சின்னக் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். வெடித்த பல்லுக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு கிறவுண் போட வேண்டும். பல்லடியில் காறை பிடித்திருக்கிறது, கிளீன் பண்ண வேண்டும். மேலே ஒரு ஞானப்பல், எடுக்கலாம். இடது பக்க இடைவெளிக்குப் பல்லுக் கட்டலாம். முன்பல் மஞ்சள், வெள்ளையாக்கலாம்.

ஐந்தும் எனக்கு ஒரே சத்தத்தில் கேட்டன. ஐந்து பேர் ஐந்து குறடுகளோடு என்னைச் சுற்றி நிற்கிற மாதிரி இருந்தது. பயத்தில் உடனே ஒரு தீர்ப்பும் வழங்கினேன்.

“டொக்டர், ஞானப்பல்லைக் கழட்டுங்கோ. முன்பல்லை வெள்ளையாக்குங்கோ. அந்தக் கடைவாய்ப் பல்லில மட்டும் கை வையாதேங்கோ.”

“அங்கிள், அதுதானே நோகுது?”

“அது என்ர தொழில் டொக்டர்! அதுக்குத் தொப்பி போட்டா எனக்குச் சத்தம் எப்பிடிக் கேக்கும்?”

அவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். “போய் யோசிச்சுக்கொண்டு வாங்கோ. சீசன் முடியுமட்டும் யோசிக்காதேங்கோ, என்ன?”

3. முதலாளி

மில்லுக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். என் பல்லை நினைத்து மில்லே கலங்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உம்மட பல்லுப் போனா மில்லுக்கு லாச்சிக்குள்ள மீட்டர் கிடக்கு. உமக்கு என்ன கிடக்கு?”

பல் குத்தியதைவிட இது குத்தியது!

அப்படியே நெல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் சூடேறி நாறிவிடும், அது காத்திராது. காய்ந்த நெல் களஞ்சியத்தில் கிடக்கும். இடைக்கிடை போய்ப் பார்த்தால் போதும். அரிசிக்குப் பொலிஷ் போடுவது பார்ப்பவரின் கண்ணுக்காக. இதைத் தினமும் பிரித்துப் பார்க்கிற மனிதன், சொந்த வாய்க்கு மட்டும் பொலிஷை முதலில் கேட்டிருக்கிறேன்!

அடுத்த நாளே திரும்பிப் போனேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: “இதை இப்ப செய்யாட்டி என்ன நடக்கும்?”

“வெடிப்பு இப்ப மேலதான் நிக்குது. நரம்புக்குப் போனா வேர் வைத்தியம். வேர் பிளந்தாக் கழட்டுறதுதான்.” ஈர நெல்!

“பல்லு முரசால ரத்தம் வருது அங்கிள். காறையை விட்டா எலும்பு கரைஞ்சு நல்ல பல்லும் ஆடும்.” அதுவும் ஈர நெல்.

“ஞானப்பல் நேராக் கிடக்கு, சுத்தமாயும் இருக்கு. இடைக்கிடை பாப்பம்.” களஞ்சியம். இடைவெளியும் அப்படித்தான், பக்கத்துப் பற்கள் சரியவில்லை, அவசரமில்லை, ஆறுதலாக யோசிக்கலாம் என்றார்.

“வெள்ளையாக்கிறது?”

“அது உங்கட ஆசை.”

கிளீன் பண்ணினேன். கிறவுணும் போட்டேன். ஊசி போடும்போது கதிரையின் கைப்பிடியை நான் பிடித்த பிடியில் அது கழன்றுவிடும் என்று டொக்டர் பயந்தார். கடைசியில் ஒரு கட்டளை போட்டார்: “இனி நெல்லுக் கடிக்கக் கூடாது.”

4. துப்புங்கோ அக்கா

பரமேஸ் அக்கா அடுத்த பெட்டி நெல்லோடு வந்தார். ஒரு மணியை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினார். “கடியும் பாப்பம்.”

“பல்லு வெடிச்சு, கடிச்சு விடேக்க குத்தினது அக்கா. டொக்டர் இனிக் கடிக்க வேண்டாம் எண்டிட்டா” என்று நான் லாச்சியைத் திறந்து, மீட்டரின் தூசியை ஊதினேன்.

“உந்த மீட்டரை ஆர் நம்புறது?” என்றவர் அந்த மணியைத் தன் வாயிலேயே போட்டுக் கடித்தார். ‘டிக்!’ எல்லோருக்கும் கேட்டது. மீட்டரும் காய்ந்த நெல் என்றே காட்டியது.

“அக்கா, துப்புங்கோ! மீட்டர் மில்லின்ர. பல்லு உங்கட!”

துப்பினார். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “தம்பி, எனக்கும் விடேக்கதான் குத்துறது. அந்த டொக்டர் எங்கை இருக்கிறா?” என்றார்.

இடத்தைச் சொன்னேன். “எல்லாத்துக்கும் ஓம் எண்டும் சொல்லாதேங்கோ, எல்லாத்துக்கும் வேண்டாம் எண்டும் சொல்லாதேங்கோ. செய்யாட்டி என்ன நடக்கும் எண்டு ஒவ்வொண்டாக் கேளுங்கோ” என்றும் சொன்னேன். இந்த வேலைக்கு வருகிற இளம் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன், மீட்டரைக் கையில் கொடுத்துவிட்டு.

“அப்ப உம்மட மஞ்சள் முன்பல்லு?” என்றார் அக்கா, போகிற போக்கில்.

“அது வெறும் பொலிஷ் அக்கா!” என்றேன், வாயைப் பொத்திக்கொண்டு.