கைக்குத் தட்டுப்படாத பிள்ளையார்

கோட்டைக்குப்பத்துக் காசியம்மாள் வேலை செய்யும்போது பேசமாட்டாள். விருப்பம் இல்லாததால் அல்ல, பேச முடியாது. ஏரியில் கையால் இறால் தடவும் பெண்கள், பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள். இரண்டு கைகளும் அடிச்சேற்றின்மேல் ஊர்ந்தபடி இருக்கவேண்டும். உள்ளங்கைக்குள் துள்ளும் இறாலைப் பறிக்குள் போட்ட கை, உடனே மீண்டும் அடிக்குப் போகவேண்டும். வாயைத் திறந்தால் பறி மிதந்து போய்விடும். ஐந்தாறு மணி நேரம் இப்படிக் கழுத்தளவு நீருக்குள் தவழ்ந்துவிட்டுக் கரையேறியதும், அதற்கெல்லாம் சேர்த்து அவள் பேசித் தீர்ப்பாள் என்பது அவள் கணவன் குப்பனின் நெடுநாள் புகார்.

நாற்பத்தைந்து வயதுக்குள் அந்தப் பக்கத்து ஏரியில் அவள் கை அறியாத அடி இல்லை. மணல் எங்கே முடிகிறது, களி எங்கே தொடங்குகிறது, பாசி எந்த மாதம் எங்கே படரும், நண்டு எந்தப் பள்ளத்தில் பதுங்கும் என்பவற்றையெல்லாம் அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. கலங்கல் நீரில் கண்ணுக்கு என்ன வேலை? கைதான் பார்த்தது.

படகும் வலையும் உடையவர்களுக்கு ஏரி முழுவதும் இடம் உண்டு. கையை மட்டுமே நம்பியவர்களுக்கு இடுப்பளவு ஆழத்துக்கு அப்பால் பிழைப்பு இல்லை. படகுத்துறைக்குத் தெற்கே, ஏரி கரைக்குள் ஒதுங்கிய ஆழமற்ற கழிதான் காசியம்மாளுக்கும் அவள் தோழி எப்சிபாவுக்கும் அத்தகைய இடம். சென்ற ஆண்டு விநாயகர் சதுர்த்தி முடிந்த மூன்றாம் நாள், ஊராரின் பெரிய பிள்ளையாரை அந்தக் கழியில்தான் விட்டார்கள். உள்ளே கொண்டுபோகத்தான் எண்ணினார்கள். ஆனால் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, ஏரி வற்றியிருந்தது. கனம் தாங்காமல் படகு தரைதட்டியது. அங்கேயே சரித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். வண்ணம் பூசிய சுண்ணக்கலவைப் பிள்ளையார். உள்ளே இரும்புக் கம்பி. இரண்டு வாரம் கழித்து அந்தக் கம்பியொன்று காசியம்மாளின் வலது உள்ளங்கையைக் குறுக்காகக் கிழித்தது. ஆறு வாரம் அவள் தண்ணீரில் இறங்கவில்லை. அதை அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இந்த ஆண்டுச் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்பு, அதே கழியில் இறாலைத் தேடிய அவள் கைக்குள் இன்னொரு கை வந்து சேர்ந்தது. மழமழவென்று, விரல் விரலாக, மடங்காத கை. இழுத்தாள், சேற்றைக் கக்கிக்கொண்டு மேலே வந்தது. அருள் பாலிக்கும் உள்ளங்கை. நடுவே இளஞ்சிவப்பு வண்ணம்கூட முழுதாகப் போகவில்லை. காசியம்மாள் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னாடி, பேயப் பாத்தவ மாதிரி நிக்கிற?" என்றாள் பத்தடி தள்ளித் தடவிக்கொண்டிருந்த எப்சிபா.

"போன வருசத்துப் புள்ளையாருடி, எப்சி. இன்னும் இங்கதான் கீறாரு."

"ஒரு வருசமாவா? எங்க ஆண்டவரு மூணாம் நாளே எழுந்துட்டாரு. உங்காளு இன்னும் படுத்துக்கினே கீறாரா?"

வேறொரு நாளாயிருந்தால் காசியம்மாள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. சென்ற ஆண்டு கரையில் நின்று கற்பூரம் ஏற்றி, "போய்ட்டு அடுத்த வருசம் வா நைனா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி. அழைத்து, உட்காரவைத்து, கொழுக்கட்டை படைத்து, வழியனுப்பியும் விட்டதாக நினைத்து ஊரே வீட்டுக்குப் போய்விட்டது. அனுப்பப்பட்டவரோ போகமுடியாமல், கம்பியில் மாட்டிக்கொண்டு, ஒரு வருடமாகச் சேற்றில் கிடந்திருக்கிறார். தன் உள்ளங்கைத் தழும்பைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

அன்று மாலை அவள் வலைக்கொட்டகைக்குப் போனாள். ஊர்த் தலைவர் தருமலிங்கத்தை எல்லாரும் நாட்டாரே என்றுதான் அழைப்பார்கள். அவரைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். நடுவில், வைக்கோல் சுற்றிய ஒன்பதடிப் புதுப் பிள்ளையார் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். காசியம்மாள் பறியைக் கவிழ்த்தாள். அந்தக் கை தரையில் உருண்டது.

"இன்னா காசி, இறாலுக்குக் கை மொளைச்சிடுச்சா?" என்று ஒருவர் கேட்க, கொட்டகை சிரித்தது.

"பழையவரே இன்னும் வூடு போய்ச் சேரல, நாட்டாரே. புதுசா ஒருத்தரக் கூட்டியாந்து வச்சிக்கினா, இவர எங்க அனுப்பப் போறீங்க? களிமண்ணுல புடிச்சிருந்தா கரைஞ்சி போயிருப்பாருல்ல?"

தருமலிங்கம் அந்தக் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மண்ணுல செஞ்சா மட்டும் உடனே கரைஞ்சிடுமா? அதுவும் கட்டியாத்தான் கெடக்கும்."

"கெடக்காது. சதுர்த்திக்கு நான் ஒண்ணு புடிக்கிறேன். பூசை பண்ணி அன்னிக்கி சாயங்காலமே தெக்குக் கழியில உடுவோம். மறுநா காலைல தடவிப் பாக்கறேன். எதுனா ஒண்ணு கையில தட்டுப்பட்டா, உங்க ஒம்போதடிக்காரர அதே எடத்துல உடுங்க. நான் வாயத் தொறக்கல. ஒண்ணும் தட்டுப்படலன்னா, அவரு தண்ணில எறங்கக் கூடாது."

"புடிக்கிறதும் அவ, தேடுறதும் அவளா? நல்லா கீதே நாயம்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"தேடட்டும்டா," என்றார் தருமலிங்கம். "என் சம்சாரம் மூக்குத்தி ஏரியில வுழுந்துச்சே, எடுத்துக் குடுத்தது யாரு? இவதான்."

விஷயம் முடிவாயிற்று. தோற்றால் கழி போய்விடும். ஒன்பதடி உயரத்துக் கம்பியும் சுண்ணமும் கிடக்கும் இடத்தில் கைவைத்துப் பிழைக்க முடியாது. எப்சிபா தலையில் அடித்துக்கொண்டாள். "உன் வாய்க்கு அந்தப் பறியே பூட்டா இருந்திருக்கலாம்டி!"

மறுநாள் காசியம்மாள் தான் இறால் தடவும் அதே கழியின் அடியிலிருந்தே இரண்டு பறி களி அள்ளி வந்தாள். பிள்ளையார் பிடித்து அவளுக்குப் பழக்கம் இல்லை. அடுப்பு போட்டுத்தான் பழக்கம். அடுப்புக்குக் கலக்கும் உமியைச் சேர்க்கவில்லை. களியைப் பிடி பிடியாக நெருடி, சிப்பித் துணுக்குகளையும் கல்லையும் பொறுக்கி எறிந்தாள். வயிறு ஒரே வீச்சில் அமைந்துவிட்டது. தும்பிக்கைதான் படாத பாடு படுத்தியது.

"நண்டுக்கொடுக்கு மாதிரி கீதும்மே," என்றான் குப்பன்.

"உனுக்குச் சோறு போடறதே அந்தக் கொடுக்குதான். சும்மா கெட."

எல்லாம் முடிந்து, வேலிக்கொடியில் பறித்த இரண்டு குன்றிமணிகளைக் கண்களாக அழுத்தியபோது, களிமண் திடீரென்று பார்க்கத் தொடங்கியது. குப்பன்கூடக் கேலியை நிறுத்திவிட்டான்.

சதுர்த்தியன்று பந்தலில் ஒன்பதடிப் பெரியவர் அலங்காரமாக நின்றார். பூசாரி உயிர் கொடுத்து எழுந்தருளச் செய்தது அவர் காலடியில் இருந்த ஒன்றரைச் சாண் பிள்ளையாரைத்தான். மாலையில் விடைகொடுக்கும் பூசை செய்து, வந்த இடத்துக்குத் திரும்பலாம் என்பதற்கு அடையாளமாக அவரை வடக்கே சற்று நகர்த்திவைத்தார். அந்நேரம் முதல் அது மண் என்றார் பூசாரி. காசியம்மாள் அந்த மண்ணை மார்போடு அணைத்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நடந்து, எடுத்த இடத்திலேயே அமர்த்திவிட்டு வந்தாள்.

பொழுது விடிந்ததும் கரையில் ஊர் கூடியிருந்தது. காசியம்மாள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினாள். துணைக்கு எப்சிபாவும் இறங்கினாள். இடத்தைக் கைகள் உடனே கண்டுகொண்டன. வயிறும் தும்பிக்கையும் இருந்த இடத்தில் தயிர்போல நெகிழ்ந்த ஒரு மேடு. தொட்டதும் அதுவும் விரலிடையே வழிந்து அடிச்சேற்றோடு சேறாகிவிட்டது. ஒரு சுற்று தடவினாள். ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்று. ஒன்றும் இல்லை. மூன்றாம் சுற்றில், மோதிர விரலின் கீழே, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, வழவழப்பாக ஒன்று உருண்டது.

அவள் கை நின்றுவிட்டது.

"இன்னாடி?" என்றாள் எப்சிபா மெதுவாக.

பறிக்கயிறு காசியம்மாளின் பல்லில் இருந்தது. அழுத்தினால் போதும், விரற்கடை ஆழத்துச் சேறு அதை விழுங்கிவிடும். கலங்கல் நீருக்குள் நடப்பது கரையில் நிற்பவர் எவருக்கும் தெரியாது. காசியம்மாள் அதை இரண்டு விரலால் பற்றிப் பறிக்குள் போட்டாள். கரையேறி, தருமலிங்கத்தின் முன் பறியைத் தன் உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

"ஒண்ணு தட்டுப்பட்டுச்சி, நாட்டாரே. புள்ளையாரு கண்ணுல ஒண்ணு. நான்தான் வச்சேன். சிப்பியெல்லாம் பொறுக்கினவ, இத மறந்துட்டேன்."

எப்சிபாவுக்குப் பொறுக்கவில்லை. "பைத்தியக்காரி! அங்கியே அமுக்கிட்டு வந்திருந்தா எவனுக்குடி தெரியும்?"

"என் கைக்குத் தெரியுமே."

"அப்ப பெரியவர எறக்கலாம்," என்றது ஒரு குரல். "பேச்சுன்னா பேச்சுதானே? தோத்துட்டா இல்ல?"

தருமலிங்கம் அவள் கையருகே குனிந்தார். நீண்ட தழும்பின்மேல் செக்கச்செவேலென்று உட்கார்ந்திருந்த அந்த ஒற்றைக் குன்றிமணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அவர் அதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை, கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

"தோத்தவதான்," என்றார் கடைசியில். "ஆனா அவ தோத்தது அவ சொல்லித்தானேடா நமக்குத் தெரியுது? பெரியவரு வருசா வருசம் பந்தல்ல நிக்கட்டும். முடிஞ்சதும் கழுவித் தொடச்சி, தார்ப்பாய் போட்டுக் கொட்டாய்ல வைங்க. தண்ணிக்குப் போறவரு காசி புடிக்கிறவரா இருக்கட்டும்."

முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்த வாரம், முணுமுணுத்தவர்கள் உள்பட ஆறு பேர் படகோடு தெற்குக் கழிக்கு வந்தார்கள். காசியம்மாள் முன்னே தவழ்ந்து கையால் இடம் காட்ட, பழைய பிள்ளையாரின் கம்பியையும் துண்டுகளையும் இரண்டு நாளில் அள்ளிக் கரை சேர்த்தார்கள். கடைசித் துண்டு ஏறியபோது, ஒரு வருடம் பிந்திய விடைக்காக அவள் மீண்டும் ஒரு கற்பூரம் ஏற்றினாள்.

இனிப் பிடிக்கும் பிள்ளையாருக்குக் குன்றிமணி கிடையாது என்று அவள் அன்றே சொல்லிவிட்டாள். சுண்டுவிரல் நுனியால் இரண்டு பள்ளம். அவருக்கு அந்தப் பார்வை போதுமாம்.

மறுநாள் கழியில் இரண்டு பெண்களும் வழக்கம்போல் இறங்கினார்கள்.

"இன்னாடி, இன்னும் எதுனா தட்டுப்படுதா?" என்று எப்சிபா குரல் கொடுத்தாள்.

காசியம்மாள் பல்லில் பறிக்கயிற்றுடன் இல்லை என்று தலையை ஆட்டினாள். வாய் சிரிக்க முடியாததால் தோள்கள் குலுங்கின. மறுகணம் அவள் உள்ளங்கைக்குள் ஓர் இறால் துள்ளியது.