இரண்டு மணிப் படுக்கை

கதிர்காமம் பக்கம் ஒரு தனியார் டயாலிசிஸ் சென்டரில் பதினோரு வருடமாக வரவேற்பு மேசையில் இருப்பவர் ஜெயசித்ரா. எட்டுப் படுக்கை, நாற்பது நோயாளிகள். யாருக்கு எந்தக் கிழமை, யாருக்கு ஊசி என்றால் பயம், யார் தாமதமாக வந்துவிட்டு ஆட்டோக்காரர் மேல் பழி போடுவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இதற்காக யாரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தியதில்லை.

போன தை மாதம் படுக்கை ஒதுக்கும் வேலையை ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுத்தார்கள். காலையில் அதுவே எல்லோருக்கும் போன் செய்யும், வருகிறீர்களா என்று கேட்கும், வராதவரின் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். யாரிடமும் அனுமதி கேட்காது. அதை வடிவமைத்தவர் லாஸ்பேட்டை இளம்பரிதி. கெட்டிக்காரர்தான். ஆனால் அந்த மேசையில் ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு அங்கம்மாள் வந்தார். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவர் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார்.

"காலைல போன் வந்துச்சு, கட் பண்ணேனே சித்ரா" என்றார், மூச்சு வாங்க.

மீன் கையோடு போனில் பேச முடியாது. அதனால் கட் செய்வார். கட் செய்தால் வருகிறார் என்று அர்த்தம். வராத நாளில்தான் கையைக் கழுவிவிட்டு எடுத்துப் பேசுவார். ஜெயசித்ராவுக்கு இது தெரியும். ஏஜென்ட்டோ 'மறுத்துவிட்டார்' என்று எழுதிக்கொண்டது.

ஏழு மணிக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவரை ஆக்ஸிஜன் வைத்தும் அங்கம்மாள் திணறியதைப் பார்த்து ஜெயசித்ராவுக்குக் கோபம் வந்தது. இளம்பரிதிக்குப் போன் போட்டார்.

"இதையெல்லாம் எங்ககிட்ட யாரும் சொல்லலையே மேடம்."

"கேட்டாத்தானே சார் சொல்றதுக்கு? நாளைக்கு வந்து இங்க உக்காருங்க."

வந்தார். ஒரு வாரம் உட்கார்ந்தார். முதல் நாள் மதியமே அவர் முகத்தில் இருந்த, எல்லாம் தெரியும் என்ற தெளிவு போய்விட்டது, அது நல்லதுக்குத்தான். இப்போது ஏஜென்ட் போன் செய்யும், குறித்துவைக்கும். கட் செய்தவரை வரமாட்டார் என்று முடிவு கட்டாது. ஒருவர் படுக்கையை இன்னொருவருக்குத் தருவதற்கு முன் ஜெயசித்ராவைக் கேட்கும்.

புது ஏற்பாடு தொடங்கிய வெள்ளிக்கிழமை, இரண்டு மணிக்கு, அங்கம்மாள் வந்துவிட்டாரா என்று கேட்க இளம்பரிதி போன் செய்தார். ஜெயசித்ரா அங்கம்மாளைக் கைத்தாங்கலாகப் படுக்கைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். கட் செய்தார்.

இளம்பரிதி மறுபடி கூப்பிடவில்லை.