ஏற்கெனவே செட்டில் ஆனவள்

'செட்டில்' என்ற வார்த்தையை யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளைக்காரன் அதை எதற்காக வைத்திருந்தானோ, எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். பையனுக்கு வேலை கிடைத்தால் செட்டில். கலங்கலாக வந்த போர்வெல் தண்ணீர் குடத்தில் தெளிந்தால் செட்டில். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க, மூன்றாவது ஆள் பஞ்சாயத்து பேசி டீ வாங்கிக் கொடுத்தால் அதுவும் செட்டில்தான். பெண்ணுக்கு மட்டும் அவளை ஒரு வார்த்தை கேட்காமலே செட்டில் நடந்து முடிந்துவிடும்.

எனக்கு அது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன், மேலே படிக்க ஆசை. எங்கள் அப்பா நெல் விவசாயம் பார்த்தவர். "ஒன்ன செட்டில் பண்ணாத்தான் தம்பிய இஞ்சினியருக்குப் படிக்க வெக்க முடியும்" என்றார். அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர் ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்து, அணுபுரம் குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து விட்டார்கள். தம்பி படித்தான். நாவலூரில் கண்ணாடி வைத்த ஆபீஸ் ஒன்றில் போய் உட்கார்ந்தான்.

குவார்ட்டர்ஸ் என்பது நம் வீடு இல்லை. சுவரில் ஓர் ஆணி அடிக்க யோசிக்க வேண்டும். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எதிர்வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனபோது, "எங்க செட்டில் ஆகப் போறீங்க?" என்று டவுன்ஷிப்பே கேட்டது. அவர் மனைவி என் சமையலறையில் வந்து அழுதாள். போவதற்கு அவர்களுக்கு ஓர் இடம் இல்லை. எங்களுக்கும் இல்லை. என் கணவருக்கு அவர் ஊரில் சொந்தமாக ஓர் ஓட்டு வீடுகூடக் கிடையாது. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம், ஒரே ஆசை: நாளைக்கு யாரும் காலி பண்ணச் சொல்லாத ஒரு துண்டு மண்.

அப்பா இறந்த பிறகு, மாமல்லபுரம் கடற்கரையில் ரிசார்ட்டும் மனையுமாக ஏறிய விலை எங்கள் வயல் வரைக்கும் வந்தது. ஒருநாள் தம்பி அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தான். தாம்பாளத்தில் பழம், பூ, மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. பார்த்ததுமே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நிலம் விற்க வேண்டுமென்றால் கூடப்பிறந்தவள் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கூலி ஒரு பட்டுப்புடவை. கையெழுத்துப் போட்டதும் பக்கத்து ஓட்டலில் இலைச் சாப்பாடு. எங்கள் அம்மாவும் அவள் அண்ணன்களுக்கு அப்படித்தான் போட்டுக்கொடுத்தாள்.

"நீதான் எப்பவோ செட்டில் ஆயிட்டியேக்கா. ஒரு கையெழுத்துதானே" என்றான் தம்பி.

"ரோட்டோரமா வூடு கட்டிக்க ஒரு மூலைய எனக்கு வுட்ரு. மீதிய நீ இன்னா வேணா பண்ணிக்கோ."

"அத அப்பறம் செட்டில் பண்ணிக்கலாம்க்கா. நானு எங்கனா ஓடியா பூடப் போறேன்?"

கூடப்பிறந்தவன் சொல்கிறானே என்று பத்திர ஆபீசுக்குப் போனேன். பத்திரம் எழுதுபவர் படித்துக் காட்டினார். ரோட்டோர மூலை எங்கே என்று கேட்டேன். அவர் என் தம்பியைப் பார்த்தார். "மொத்த நெலத்துலயும் உங்க பங்க விட்டுக் குடுக்குற விடுதலைப் பத்திரம்னுதாம்மா எழுதச் சொன்னாரு."

தம்பி செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி தலை நிமிராமல், "மனப்பூர்வமா விட்டுக் குடுக்குறீங்களாம்மா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லை" என்றேன்.

வெளியே ஜெராக்ஸ் கடை வாசலில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "பொடவைய வாங்கி வெச்சிக்கினு எம்புள்ள மானத்த வாங்கிட்டியேடி! நானுந்தான் எங்கண்ணனுங்களுக்குப் போட்டுக் குடுத்தேன். வாயத் தொறந்தேனா?"

"தொறந்திருக்கணும்மா."

"இனிமே பொறந்த வூடு கீதுன்னு வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டு அம்மா காரில் ஏறினாள். நான் பஸ் பிடித்து வந்தேன். புடவையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் கணவர். எதற்குக் கொடுக்க வேண்டும்? பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

என் கையெழுத்து இல்லாமல் நிலத்தைத் தொட வாங்குகிறவன் தயாராக இல்லை. கடைசியில் புரோக்கர் நடுவில் நின்று பேசினார். ரோட்டோர மூலை என் பெயருக்கு வந்தது. தம்பியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டோம். இலைச் சாப்பாடு கிடையாது.

கடன் வாங்கி வீடு கட்டினோம். பால் காய்ச்சுகிற அன்றைக்குத் தாய்வீட்டிலிருந்து தட்டு வர வேண்டும். அவர்கள் கொடுக்கிற புடவையைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். போனில் அழைத்தேன். தம்பி எடுத்து, கேட்டுக்கொண்டு, வைத்துவிட்டான். விடியும்வரை ரோட்டைப் பார்த்தேன். ஒரு காரும் நிற்கவில்லை. பீரோவைத் திறந்து அந்த மயில்கழுத்துப் பட்டை எடுத்தேன். மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

டவுன்ஷிப்பிலிருந்து வந்திருந்த ஒருத்தி, "ஒருவழியா செட்டில் ஆயிட்டீங்க" என்று சிரித்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, "அம்மா வீட்லேர்ந்து யாரும் வரலையா?" என்றாள்.

"வரலை. புடவை மட்டும் குடுத்தாங்க."

அவள் என் முந்தானையைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். "நல்ல கனமான பட்டு. உங்க மேல அவங்களுக்கு ரொம்பப் பாசம் போல."

ஆமாம் என்று சொல்லி அவளுக்குப் பால் ஊற்றிக் கொடுத்தேன்.