இன்டர்லாக்கன் காட்டில் நாற்பத்தொரு சென்டிமீட்டர் காலடி

மார்ச் முதல் வாரத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வின்டர்தூரிலிருந்து இன்டர்லாக்கன் போனேன். மலை பார்க்க அல்ல, யெட்டி என்கிற பனிமனிதனைத் தேட. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். நான் நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடம் தயாரிப்பவன். அளக்காத எதையும் நம்பாத பேர்வழி.

போகவைத்தவன் என் பள்ளித் தோழன் குகன். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறான். ஜனவரியில் வேலைக்கு முன் காட்டுப் பக்கம் நடக்கப் போனவன் பனியில் வெறுங்கால் தடங்களைக் கண்டிருக்கிறான். ஒவ்வொன்றும் நாற்பத்தொரு சென்டிமீட்டர். படமெடுத்துச் சமையலறைக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அன்று முதல் அவனுக்குப் பெயர் யெட்டி. அவனுடைய அலமாரிக் கதவில் ரோமம் அடர்ந்த ஒரு உருவத்தின் படத்தையும் ஒட்டிவிட்டார்கள். பிறகு இன்னும் இரண்டு முறை தடம் கண்டு இன்னும் இரண்டு முறை படம் போட்டான். கேலி கூடியது.

கேலியோடு நின்றிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். துணைத் தலைமைச் சமையல்காரர் பதவி காலியாகி, அடுத்தது குகன்தான் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம் அது. காட்டில் பேய் காண்பவனிடம் சமையலறையை எப்படி ஒப்படைப்பது என்று தலைமைச் சமையல்காரர் பாதி விளையாட்டாகக் கேட்டாராம். மற்றப் பாதிதான் குகனின் நித்திரையைக் கெடுத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆதாரத்தோடு வருவதாக எல்லோர் முன்னும் சவால் விட்டுவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

வியாழன் காலை 6.32 ரயில். பேர்னில் மாறி, இரண்டரை மணித்தியாலத்தில் இன்டர்லாக்கன் ஓஸ்ட். அரைக்கட்டண அட்டையோடு முன்கூட்டியே வாங்கிய நாட்சீட்டு 39 பிராங்க். நிலையத்தில் குகன் காத்திருந்தான். அங்கிருந்து பேருந்தில் இருபது நிமிடம், பிறகு 2.3 கிலோமீட்டர் நடை, 310 மீட்டர் ஏற்றம். தரிப்பிடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

போவதற்கு முன் செய்த வேலையைச் சொல்கிறேன், இதே வேலைக்குப் புறப்படுபவர்களுக்கு உதவும். அரசின் இலவச வரைபடத்தில், விமானத்திலிருந்து லேசரால் அளந்த நிலப்படத்தைத் திறந்தேன். அதில் மரங்களை நீக்கிவிட்டு மொட்டை நிலத்தைப் பார்க்கலாம். குகையோ பெரிய பள்ளமோ இல்லை. ஒரேயொரு தனிப் பாறைதான் இருந்தது. வனவிலங்குகளின் குளிர்கால அமைதி வலயங்களையும் மேலே போட்டுப் பார்த்தேன். அவற்றுக்குள் பாதையை விட்டு விலகினால் தண்டம் கட்ட வேண்டிவரும். எங்கள் இடம் அதற்கு வெளியே இருந்தது.

குகன் சொன்ன மாதிரியே தடங்கள் இருந்தன. காட்டுப்பாதையின் ஓரத்தில் திடீரெனத் தொடங்கி, பதினெட்டு மீட்டர் போய், பாறையைச் சுற்றித் திரும்பிவந்து, அதே ஓரத்தில் முடிந்தன. அலுவலகத்தில் கேட்டு வாங்கிவந்த, செய்மதி வழியாக இடம் குறிக்கும் ஜிபிஎஸ் கருவியை ஒவ்வொரு தடத்திலும் நிறுத்தி 143 புள்ளிகள் எடுத்தேன். விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு நிமிடம் யெட்டியை நம்பியதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விடயங்கள் உதைத்தன. வெயில் படும் இடத்தில் நாற்பத்தொரு சென்டிமீட்டர் இருந்த கால், மரநிழலில் இருபத்தேழுதான். இவ்வளவு பெரிய பிராணி அரை மீட்டருக்கும் குறைவாக அடிவைத்து நடந்திருக்கிறது.

ஒரு மணிக்குப் பசித்தது. உலர்ந்த இடம் வேறு இல்லாததால் அந்தப் பாறையில் ஏறி இருந்து, குகன் கொண்டுவந்த ஆட்டிறைச்சி ரோல் ஆளுக்கு மூன்று சாப்பிட்டோம். சப்பாத்துக் காலணியோடு கால்களைத் தொங்கப்போட்டு நன்றாக ஆட்டினோம்.

பின்னேரம் குகனின் வீட்டு மேசையில் புள்ளிகளைக் கணினியில் ஏற்றி, குகனின் பழைய படங்களின் இடத்தையும் நேரத்தையும் சேர்த்தேன். படம் எடுத்த மூன்று நாளும் வியாழக்கிழமை, உருகிய ஓரங்களைப் பார்த்தால் தடங்கள் பதிந்ததோ முந்தைய வெள்ளிக்கிழமை. நான் அளந்த தடங்களும் ஆறு நாள், கிட்டத்தட்ட ஒரு கிழமை பழசு, அதுவும் வெள்ளிதான். பிறகு புள்ளிகளைக் கோடாக இணைத்தேன். பாறையைச் சுற்றி ஒரு வட்டம், அதையொட்டி இன்னொன்று, இன்னொன்று. மூன்றும் வலமாக. சுவிஸ் அலுவலகத்தில் யாருக்குக் காட்டினாலும் விலங்கு ஒன்று சுற்றித் திரிந்தது என்பார்கள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"மச்சான்," என்றான் குகன், "நாங்கள் சாமிக்கு மேலை இருந்தோ ரோல் திண்டனாங்கள்?"

நான் வட்டங்களை இன்னொரு தடவை எண்ணினேன், மூன்றுதான். சின்னக் கால் வெறுங்காலாகப் பனியில் நடந்திருக்கிறது. வெயில் அதை ஒரு கிழமையாக உருக்கி அகலமாக்கியிருக்கிறது. யெட்டியின் கதை அவ்வளவுதான்.

வெள்ளி காலை ஏழு பத்துக்கு அங்கே நின்றோம். இந்த முறை சப்பாத்துகளைப் பாதையோரம் கழற்றி வைத்தோம். குகன் போத்தல் தண்ணீரை ஊற்றி, ரோல் துகள் போகப் பாறையைத் தேய்த்துக் கழுவினான். அப்போதுதான் அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். தும்பிக்கை மாதிரி ஒரு புடைப்பு, வெடிப்புக்குள் ஒரு சிட்டிகை திருநீறு. வேறு ஒன்றுமில்லை.

ஏழு நாற்பதுக்கு ஒரு பெண் ஏறி வந்தார். குகன் திகைத்துப்போனான். அதே ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்யும் பவானி அக்கா. அவர் பயந்து ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"வழியிலை ரெண்டு சோடி சப்பாத்தைக் கண்டதும் எங்கடை ஆக்கள்தான் எண்டு விளங்கிட்டுது," என்றார்.

தானும் கழற்றிவிட்டு மூன்று முறை சுற்றி வந்தார். பிறகுதான் கதைத்தார். தற்காலிகமாகத் தங்கும் எஃப் அனுமதியிலிருந்து முறையான பி வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்து எட்டு மாதமாம். கடிதம் வரவில்லை. கோயிலுக்குப் போவதென்றால் வெள்ளிக்கிழமை வேலை விடாது, அதனால் இந்தக் கல்லைப் பிள்ளையாராக வைத்துக்கொண்டார். காட்டுக்குள் கோயில் வைக்கிறாள் என்று யாராவது முறைப்பாடு எழுதினால் விண்ணப்பம் பாழாகிவிடும் என்பது அவருடைய பயம். அப்படி நடக்குமா என்று எனக்குத் தெரியாது. எட்டு மாதம் காத்திருப்பவரிடம் சட்டம் கதைக்கவும் முடியாது.

"உம்மை எல்லாரும் சிரிக்கேக்கை நான் வாய் திறக்கேல்லை, தம்பி," என்று குகனைப் பார்த்துச் சொன்னார். "அது பிழைதான். இண்டைக்குச் சொல்லப்போறீரோ?"

குகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு மணிக்கு முழுச் சமையலறையும் காத்திருக்கும். என் கணினியில் மூன்று வட்டங்களும் தெளிவாக இருந்தன.

"இல்லையக்கா," என்றான். "மான் எண்டு சொல்லுவன்."

பிறகு நாங்கள் இருவரும் சுற்றினோம். முதல் சுற்று கால் எரியும். இரண்டாவதில் கால் இருப்பதே தெரியாது. மூன்றாவதில் குகன் அழுதான். குளிரால் என்றான், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அவன் மான் என்று சொல்ல, சமையலறை வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறது. பதவி வேறொருவருக்குப் போனது. எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பனித் தடத்தின் நீளத்தை மட்டும் நம்பவேண்டாம், காலடிக்குக் காலடி இடைவெளியை அளந்து பாருங்கள். நிழலில் உள்ள தடத்தையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். மாற்றுக் காலுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள். காட்டில் எதன் மேலும் ஏறி இருந்து சாப்பிடுமுன் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். என் 143 புள்ளிகளைக் கேட்டு எழுதவேண்டாம், ரயிலில் திரும்பும்போதே அழித்துவிட்டேன்.

பவானி அக்காவின் கடிதம் மே மாதம் வந்தது. நல்ல செய்திதான். அவர் சம்மதித்த பிறகே, பெயர்களை மாற்றி, இதை எழுதுகிறேன். கடிதம் வந்த மறுநாள் ஒரு பெட்டி மோதகத்தோடு சமையலறைக்குள் போய், அந்தத் தடம் என்னுடையது என்று எல்லோர் முன்னும் ஜெர்மனில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் குனிந்து அவருடைய காலைப் பார்த்தார்களாம். முப்பத்தாறாம் அளவுச் சப்பாத்துப் போடும் சின்னக் கால். குகனைக் காப்பாற்ற எவ்வளவு நல்ல மனம் என்று சொல்லி மோதகத்தைச் சாப்பிட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை.

அக்காவுக்குக் கோபம். நேராகப் போய் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த படத்தைக் கிழிக்கக் கை வைத்தாராம். குகன்தான் விடவில்லை. அது இருக்கட்டும் அக்கா, இப்போது அந்தத் தடத்தில் என் காலும் இருக்கிறது என்றானாம்.