எட்டாம் நம்பர் ஷூ

ராயபுரத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் ஸ்டோரில் கிளார்க்காக இருக்கிறேன். லாரிச் சக்கரம் ஏறி, வலது பாதத்தின் மேல்பக்கத் தோலும் சதையும் போன லோடுமேன் ஒருவர் ஏழு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். பாதுகாப்பு ஷூ காலில் ஏறினால்தான் கேட்டுக்குள் விடுவார்கள். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே ஒரு திட்டு மட்டும் வேறு நிறத்தில், தொடையில் இருப்பது போன்ற முடியோடு இருந்தது. நான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"நாத்தம்லாம் இல்ல சார். என் தொடையில எட்த்து ஒட்டுன தோலுதான். கொழுப்போட வெச்சா பன்னு மாதிரி உப்பிக்கும்னாரு டாக்டரு. ஷூ போட்டாதான் வேல, மெல்லிசா வெச்சி வுடுங்கன்னேன். நர்சம்மா இப்டிதான் அமுக்கிப் பாக்கும். வெளுத்துட்டு அப்பால செவக்குது பாருங்க, உசுரு கீது. தொட்டுப் பாருங்க சார்."

"வேண்டாம். ஷூவைப் போடுங்க."

பழைய எட்டாம் நம்பரே ஏறியது. "ஏறிச்சி சார்!" என்று நாலடி நடந்து காட்டினார். படிவத்தில் 'பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், வீக்கம் இல்லை' என்ற வரிக்கு நேரே டிக் அடித்தேன்.

அன்றைய டைரியில் ஷூ அளவை எழுதினேன். கைக்குட்டையை எழுதவில்லை.

இப்போதும் கையுறை வாங்க வந்தால், என் ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளியே நிற்கிறார். கிட்டே வாங்க என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.