ஆறாவது கிளிப்

எங்கள் சலவைக்கூடத்தில் காலை எட்டு மணிக்கெல்லாம் ஆவி எழுந்துவிடும். அதற்குப் பிறகு யாருக்கும் முழு உடம்பு இருக்காது. இஸ்திரி போடுகிற அண்ணனுக்குத் தலையும் ஒரு கையும் இருக்கும். கொதிகலன் பக்கம் நிற்பவருக்கு வெறும் இருமல் மட்டும். அந்த வெண்மைக்குள்ளிருந்து எனக்கு எதிரே ஒரு முகம் வரும், போகும், மறுபடி வரும். அதுதான் அதனாலென்ன அக்கா.

பெரிய விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், ஒரு உதறு உதறி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். என் முனைகளை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு திரும்பவும் பின்னால் போவேன். ஒரு விரிப்புக்கு மூன்று தடவை முகத்துக்கு முகம் வருவோம். உயரமான ஜன்னல்களிலிருந்து விழுகிற வெயில் எங்களுக்கு நடுவே துணியில் ஏறி ஆடும். ஒன்பது வருஷமாக அப்படி நடந்திருக்கிறோம். அந்த நடையையெல்லாம் சேர்த்து ஒரே திசையில் நடந்திருந்தால் எந்தக் கடற்கரையில் போய் நின்றிருப்போமோ என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

நான் அதிகம் பேசமாட்டேன். அக்காவிடம் யார் எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். மழை வருகிறது என்றால், அதனால என்ன. கரண்ட் போய்விட்டது, அதனால என்ன. சட்டைப் பொத்தான் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டி உருகிவிட்டது, அதனால என்ன. ஒரு நாள் இஸ்திரி அண்ணன், "அக்கா, உங்க முதுகுல கரப்பான்பூச்சி" என்றார். முதலில் அதனால என்ன வந்தது, அப்புறம்தான் அலறல் வந்தது. அன்றைக்கு வைத்த பெயர்தான் இது.

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அவர்கள் எப்போதாவது கேட்பவர்கள், நான் மடிப்புக்கு மடிப்பு கேட்பவள். சட்டைக் கழுத்தில் வெட்டாமல் விட்ட நூல்முனை மாதிரி அது நாள் முழுக்க உறுத்தும். வீட்டுக்குப் போனால் குழாய் சொட்டுவதுகூட அதே தாளத்தில் கேட்கும்.

அந்த வார்த்தை எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று ஒரு தடவை அக்காவே சொன்னார். இங்கே வருவதற்கு முன் பதினொரு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றுகிற வேலை. விடிந்ததும் வார்டுக்குள் போனால், பெரிய பெரிய மனிதர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார்களாம். படுக்கை நனைந்துவிட்டது என்று சொல்ல வெட்கம். ஒரு நீதிபதி அதற்காக அழுதாராம். அவர்களிடம் சொல்ல அக்காவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது. சொல்லிக்கொண்டே விரிப்பை உருவி எடுத்துவிடுவாராம். வேலை மாறியது, வார்த்தை மாறவில்லை.

இந்த வருஷம் அக்காவின் முட்டி வீங்கிவிட்டது. நின்று செய்கிற வேலையை விட்டுவிடும்படி டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான், முன்னால் கவுண்டரில் சீட்டு எழுதுவது. அங்கே இருந்த பெண் கல்யாணமாகிப் போனதில் நாற்காலி காலியாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் அக்கா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அக்கா மட்டும்தான்.

முதலாளியம்மா யோசித்தார். "சட்டை கிழிஞ்சிருக்கேன்னு ஒருத்தர் வந்து கேப்பாரு. நீ அதனால என்னம்பே. அப்புறம் அவர் ஏன் இந்தப் பக்கம் வரப்போறாரு?"

ஒரு வாரம் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. சனிக்கிழமைக்குள் அந்த வார்த்தை ஒரு நாளைக்கு ஐந்துக்குள் அடங்கிவிட வேண்டும். தாண்டினால் நாற்காலி இல்லை. எண்ணுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். மடித்ததை நான் பொட்டலம் கட்டுகிற மேஜை கவுண்டருக்குப் பின்னால், ஒரு திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. "இவ வாயைத் திறந்து உண்மையே சொல்றதில்ல, பொய் எங்க சொல்லப்போறா" என்றார் இஸ்திரி அண்ணன்.

ஒவ்வொரு தடவைக்கும் துணி மாட்டுகிற நீலக் கிளிப் ஒன்றைத் திரையின் ஓரத்தில் மாட்டினேன், சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றினேன். திங்கட்கிழமை நாற்பத்தொன்று. திரை ஒரு பக்கமாகச் சரிந்து, அக்கா அதற்கு வெளியே ஏதோ நாடகத்தில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தார். செவ்வாய்க்கிழமை இருபத்தாறு. புதன்கிழமையிலிருந்து வார்த்தை தொண்டை வரை வருவதும், அக்கா அதைத் தண்ணீர் குடித்து உள்ளே அனுப்புவதும் கண்ணாலேயே தெரிந்தது. நாளுக்கு மூன்று சொம்பு தண்ணீர். வியாழக்கிழமை பதினொன்று. அந்த வார்த்தை இருந்த இடத்தில் வேறு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. எங்க கிழிஞ்சிருக்கு, காட்டுங்க. வெளிச்சத்துக்கு வாங்க. வெள்ளிக்கிழமை ஆறு.

என் மேஜையில் சத்தம் குறைந்துபோனது. ஒன்பது வருஷம் வேண்டும் வேண்டும் என்றிருந்த சத்தக்குறைவு. அது வந்ததும் பொட்டலத்துக்கு எத்தனை சுற்று நூல் என்பது எனக்கு அடிக்கடி மறந்தது.

சனிக்கிழமை மதியத்துக்குள் நான்கு. சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி அண்ணன் வேண்டுமென்றே, அக்கா உங்க குடையை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க என்றார். ஐந்து. நான் கிளிப்பை மாட்டிக்கொண்டே அவரைப் பார்த்த பார்வையில் அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆவிகூட மெதுவாகத்தான் சீறியது. நாலு மணி, நாலரை. வெயில் கவுண்டர் கண்ணாடியில் தேன் நிறத்தில் நின்றது.

ஐந்து மணிக்கு ஒருவர் வந்தார். அறுபது வயசிருக்கும், கண்ணாடி போட்டவர். கையில் மடித்து மடித்துத் தேய்ந்த சீட்டு. திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது பழைய சீட்டுங்க. எங்க வீட்ல போட்டது" என்றார். சீட்டைக் கவுண்டரில் வைத்தார். "அவ இறந்து நாப்பது நாளாச்சு."

"அதனால என்ன" என்றார் அக்கா.

சொன்ன வாய் திறந்தபடியே இருந்தது. பின்னால் இருமுகிறவர்கூட இருமவில்லை. என் கையில் ஆறாவது கிளிப். அதை மாட்ட முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். முட்டியைப் பார்த்தால் எழுந்திருக்கக் கூடாது. "ஐயா, மன்னிச்சிடுங்க. நான் நெனச்சுச் சொல்லல. இது என் வாய்ல ஒட்டிக்கிட்டது. ஒரு வாரமா இதைத்தான் துப்பப் பாக்கறேன்."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவளுக்கும் ஒண்ணு இருந்துச்சும்மா. நான் அப்பவே சொன்னேன்னு. பால் பொங்கினாலும் அதான், பஸ்ஸு போனாலும் அதான். முப்பது வருஷம் காதைப் பொத்திக்கலாம் போல இருக்கும்." பிறகு, "போர்வையை வாங்கிட்டு வாங்கன்னு மூணு தடவை சொன்னா. மறந்துட்டேன். இன்னிக்கு அவ பையில இந்தச் சீட்டைப் பாத்தப்ப, முதல்ல காதுல கேட்டது அந்த வார்த்தைதான்."

அக்கா சீட்டை எடுத்துக்கொண்டார். அலமாரிக்குத் தாங்கித் தாங்கி நடந்துபோய்ப் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தார். பெரிய வெள்ளைப் போர்வை, ஓரத்தில் இளநீலக் கோடு. வந்தவர் அதை முழுக்க விரித்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். எங்கள் சோப்பு வாசனை தவிர அதில் ஒன்றும் இருந்திருக்காது. திரும்ப மடிக்கப் பார்த்தார். ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் தரையில் விழுந்தது.

"ஒரு முனையை நான் பிடிப்பேன், மத்ததெல்லாம் அவதான்" என்றார்.

அக்கா கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து இரண்டு முனையை அவர் கையில் கொடுத்தார், இரண்டைத் தான் எடுத்துக்கொண்டார். பின்னால் போனார்கள். ஒரு உதறு. போர்வை காற்றை வாங்கி எழுந்து, வெயிலை வைத்துக்கொண்டு, மெதுவாக இறங்கியது. நடந்து வந்தார்கள். அவர் தன் முனைகளைக் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டார். ஒன்பது வருஷம் நான் நின்ற இடம் எப்படியிருக்கும் என்று அன்றுதான் வெளியிலிருந்து பார்த்தேன். முகத்துக்கு முகம் மூன்று தடவை. ஒரு வார்த்தை இல்லை.

கடைசி மடிப்பை அவர் கையில் வைத்தபோது அக்காவின் நெற்றி வேர்த்திருந்தது. அவர் போர்வையை மார்போடு வைத்துக்கொண்டு, தலையசைத்துவிட்டுப் போனார். கதவு ஆடி நின்றது.

முதலாளியம்மா தன் அறை வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. என்னிடம் வந்து, "எத்தனை?" என்றார்.

திரையில் ஐந்துதான் தொங்கியது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கையை விரித்துக் காட்டினேன். கிளிப்பின் பல் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

"ஆறும்மா" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது. "ஆறுதான். ஆனா அக்கா அங்கயே உக்காரட்டும்மா. அந்த ஆளு திரும்ப வருவாரு. அக்கா இருந்தாத்தான் வருவாரு."

நான் அங்கே சேர்ந்ததிலிருந்து பேசியதிலேயே நீளமானது அதுதான். இஸ்திரி அண்ணன் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

முதலாளியம்மா என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரையிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, என் கையிலிருந்ததையும் சேர்த்து, கூடையில் போட்டார். "கிளிப்பையெல்லாம் இங்க மாட்டிவெச்சா கொடியில துணி எப்படி நிக்கும்? திங்கக்கிழமை அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மடிக்க எனக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும், சத்தியமா. மடிப்புக்கு மூன்று. நடுநடுவே திரைக்கு அந்தப் பக்கமிருந்து, எப்போதாவது, பழைய குரலில் பழைய வார்த்தை ஒன்று ஆவிக்குள் வந்து சேரும். கேட்டதும் என் விரல் தானாகக் கிளிப்புக்குப் போகும். எடுத்தாயிற்றே என்று, பக்கத்தில் தொங்குகிற ஏதாவது ஒரு துண்டில் அதை மாட்டிவிட்டு, முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறேன்.